புகையிலையின் எரியும் குணமும் இலையின் தரமும்

சுருட்டுப் புகையிலை வாங்க வரும் வியாபாரி, சிப்பத்தை அவிழ்த்தவுடன் இலையை விரித்து நிறம் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பின்பு ஒரு துண்டைக் கிழித்து நெருப்பு வைத்துப் பார்ப்பார். நெருப்பு தானே ஊர்ந்து சென்று வெண்சாம்பலை விட்டுப் போகுமாயின் விலை பேசத் தொடங்குவார். ஓரம் கருகி இரண்டொரு விநாடியில் அணைந்து போகுமாயின் சிப்பத்தைத் திரும்பக் கட்டச் சொல்லிவிடுவார். அக்குடியானவர் உழுத உழவும், இறைத்த நீரும், கொட்டிய எருவும், கொடுத்த கூலியும் அந்த இரண்டு விநாடியில் மதிப்பிடப்பட்டு விடுகின்றன. பக்கத்து வயல்காரரின் இலை நன்றாக எரிகிறது, இவருடையது எரியவில்லை. இருவருக்கும் விதை ஒன்று. நடவு ஒரே வாரத்தில். மழையும் வெயிலும் பொது. இதை ராசிக் குறைவென்று சொல்லிக்கொள்வது ஊர் வழக்கம். ஆனால் இதன் காரணம் கிணற்றிலும் எரு மூட்டையிலும் இருக்கிறது என்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ச்சியாளர் அறிந்த விஷயமாகும்.

புகையிலையின் தரம் என்று பொதுவாகச் சொல்லுகிறோமேயன்றி, அது எல்லா உபயோகத்துக்கும் ஒன்றன்று. சிகரெட்டுக்குப் பொன்னிறமும் சர்க்கரைச் சத்தும் வேண்டும். சுருட்டுக்கு எரிதலும் மணமும் வேண்டும். வாய்ப்புகையிலைக்குக் காரமும், கனமும், பிசுபிசுப்பும் வேண்டும். ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்குத் தீது. இதை முதலில் மனத்தில் கொள்ளாமல், வேறு ரகம் பயிரிடும் ஊரின் முறையைப் பார்த்து அப்படியே செய்து நஷ்டப்பட்டவர் பலர்.

எரிதலின் காரணம்

பிரான்சு தேசத்தில் புகையிலைத் தொழில் அரசாங்கத்தின் தனி உரிமையாக இருந்த காலத்தில், ஷ்லோசிங் என்னும் ரசாயன நிபுணர் 1860-இல் இவ்விஷயத்தை ஆராய்ந்தார். நன்றாக எரியும் இலைகளையும் எரியாத இலைகளையும் தனித்தனியே சாம்பலாக்கிப் பார்த்தபோது, நன்றாக எரிந்த இலையின் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் மிகுதியாக இருந்தது. எரியாத இலையின் சாம்பலில் அது இல்லை, அல்லது மிகக் குறைவு. இதன் பொருள் யாதெனில், இலையிலுள்ள சாம்பல் சத்து மாலிக், சிட்ரிக் முதலிய இலைப் புளிப்புகளுடன் சேர்ந்திருந்தால், சூடேறும்போது அந்த உப்புகள் சிதைந்து பொங்கிக் கரியை இலேசாக்குகின்றன. அதில் காற்று புகுந்து நெருப்பு நிலைக்கிறது. அதே சாம்பல் சத்து குளோரினுடன் சேர்ந்திருந்தால் அது உருகிக் கரியின்மேல் பூச்சாகப் படிந்து காற்றைத் தடுக்கிறது. ஈரவிறகு புகைவது போல் இலை புகைந்து அணைகிறது.

குளோரின் முற்றிலும் தீது என்று சொல்வதற்கில்லை. சிறிதளவு இருந்தால் இலை மென்மையாகவும் வளையுந் தன்மையுடனும் இருக்கும். ஆனால் உலர்ந்த இலையின் எடையில் சுமார் 2 சதவீதத்தை மீறினால் எரியும் குணம் கெட்டுப்போகிறது. மேலும் அவ்விலை காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு நனைந்தது போலாகி, நிறம் மங்கிச் சேற்று நிறமாகும். மழைக்காலத்தில் சிப்பத்துக்குள் பூஞ்சணம் பிடிப்பதற்கும் இதுவே வழி செய்கிறது. புகையிலைச் செடி குளோரினைத் தன் தேவைக்கு மேல் பேராசையுடன் உறிஞ்சும் சுபாவம் உடையது. மண்ணில் எவ்வளவு உண்டோ அதற்கேற்ப இலையிலும் ஏறிவிடும்.

இதைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. ஓர் ஏக்கரில் 1,000 கிலோ உலர்ந்த இலை எடுப்பதாகக் கொண்டால், அதில் 2 சதவீதம் என்பது 20 கிலோ குளோரின். கடையில் விற்கும் மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்னும் உரத்தில் நூற்றுக்கு 47 பங்கு குளோரினே. ஆகையால் சாம்பல் சத்துக்காக அந்த உரத்தில் 100 கிலோ போட்டவர் 47 கிலோ குளோரினையும் சேர்த்தே போட்டவராகிறார். அவ்வளவும் இலைக்குப் போய்ச் சேராது. மழையில் ஒரு பங்கு கீழே இறங்கிவிடும். எனினும் அளவு மீற அதிக இடமிருக்கிறது. சல்பேட் ஆப் பொட்டாஷ் விலை கூடுதலானதுதான். ஆனால் உரத்தில் மிச்சம் பிடித்த தொகையைச் சிப்பத்தின் விலையில் இழப்பது சிக்கனமாகாது. உரத்தை வாங்குமுன் மூட்டையின்மேல் அச்சிட்டிருப்பதை வாசித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் 'பொட்டாஷ்' என்று மட்டும் சொன்னால் எந்தப் பொட்டாஷ் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இனி நீரைக் கவனிப்போம். உரத்தைப் பற்றி விசாரிப்பவர் பலர்; நீரைப் பற்றி விசாரிப்பவர் சிலரே. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நீர் பாய்ச்சினால் அது சுமார் 1,02,800 லிட்டர். அந்நீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் இருந்தால், ஒரு பாய்ச்சலிலேயே ஏறக்குறைய 20 கிலோ வயலில் இறங்குகிறது. வாயில் விட்டுப் பார்த்தால் அந்நீர் உப்புக் கரிக்கும் என்றுகூடச் சொல்ல முடியாது. குடிப்பதற்கும் பலர் உபயோகிப்பர். பத்துப் பாய்ச்சல் பாய்ச்சினால் 200 கிலோ. உரத்தை எவ்வளவு ஜாக்கிரதையாகத் தேர்ந்தெடுத்தாலும் இத்தகைய கிணற்றின் முன் அந்த ஜாக்கிரதை எடுபடாது. முன் சொன்ன இரண்டு வயல்காரர்களின் வித்தியாசம் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் இருக்கும். ஐம்பது கஜத்துக்குள் வெட்டிய இரு கிணறுகளில் ஒன்று நன்னீரும் மற்றொன்று உவர்நீருமாக இருப்பது நமது பக்கத்தில் புதுமையன்று.

பழைய நத்தத்து மண்ணை வண்டி வண்டியாகக் கொட்டும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அம்மண்ணில் தழைச்சத்து உண்டு. செடி கருகருவென்று எழும்பும். உப்பும் அதிலேயே உண்டு. சுருட்டுப் புகையிலைக்கு அதைவிட ஆட்டுக்கிடையும், மக்கிய தொழுவுரமும், பிண்ணாக்கும் மேலானவை. அவற்றையும் அளவுக்கு மீறிப் போடலாகாது. தழைச்சத்து மிஞ்சினால் இலை தடித்து, முற்றாமல், பச்சையாகவே நிற்கும், உலர்த்தும்போது பழுப்பேறாது.

வாய்ப்புகையிலையின் விஷயம் வேறு

கோயம்புத்தூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கங்களில் வாய்ப்புகையிலை பயிரிட்டு வந்தவர்கள் மேலே கூறியதைக் கேட்டால் சிரிப்பர். அவர்கள் உவர்நீர்க் கிணற்றையே விரும்பித் தேடுவர். அந்நீர் பாய்ந்த இலை கனத்து, ஈரம் தாங்கி, பாடமானபின் மேலே வெண்மையாகப் பூத்து நிற்கும். அவ்வெண்மைக்கு வியாபாரிகளிடம் மதிப்பு உண்டு. வட்டக்கப்பல் முதலிய ரகங்கள் இவ்வகைக்குப் பெயர் பெற்றவை. வாயில் அடக்கும் இலை எரிய வேண்டியதில்லையாதலால், சுருட்டுக்குக் குற்றமாயிருந்த குளோரின் இங்கே குணமாகிறது. ஆகவே உவர்நீர்க் கிணறு உடையவர் சுருட்டு ரகத்தை நட்டுப் போராடுவதும், நன்னீர் உடையவர் வாய்ப்புகையிலையில் இறங்கி வெண்மை பூக்கவில்லையென்று வருந்துவதும் வீண். ஆனால் உவர்நீரை விரும்புவோரும் நாற்றங்காலுக்கு நன்னீரே பாய்ச்ச வேண்டும். இளநாற்று உப்பைத் தாங்காது. ஆண்டுதோறும் உவர்நீரே பாயும் நிலத்தில் மண் இறுகி, அடுத்துவரும் தானியப் பயிர் இளைக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்விருவகைப் புகையிலைகளையும் நமது நிலத்திலேயே வைத்து ஆராய்வதற்காக மதுரை ஜில்லாவாக அப்போது இருந்த பகுதியில் வேடசந்தூரில் 1948-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அதற்கு முந்திய ஆண்டான 1947-இல் ராஜமகேந்திரத்தில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது.

காரம் எங்கே உண்டாகிறது?

வியாபாரி காரம் என்று சொல்வதை ரசாயன நிபுணர் நிக்கோட்டின் என்பர். 1828-இல் ஜெர்மனியிலுள்ள ஹைடல்பர்க் நகரில் பொசெல்ட், ரைமான் என்னும் இருவர் இதை இலையிலிருந்து தனியே பிரித்தெடுத்தனர். இலையில் இருப்பதால் இலையிலேயே உண்டாகிறது என்று எல்லாரும் எண்ணியிருந்தனர். அது தவறென்று ஒட்டுச்செடிகள் காட்டின. அமெரிக்காவில் டாசன் என்பவர் புகையிலை வேரின்மேல் தக்காளித் தண்டையும், தக்காளி வேரின்மேல் புகையிலைத் தண்டையும் ஒட்டுக் கட்டி வளர்த்து, 1942-இல் முடிவை வெளியிட்டார். புகையிலை வேரின்மேல் நின்ற தக்காளியின் இலையில் நிக்கோட்டின் ஏறியிருந்தது. தக்காளி வேரின்மேல் நின்ற புகையிலையோ, பார்வைக்குச் சரியான புகையிலையாகவே இருந்தும், காரம் ஏறக்குறைய அற்றதாயிருந்தது. வேர்தான் அடுப்பு, இலை பானை மட்டுமே.

இதிலிருந்து தலை கிள்ளுவதன் காரணம் விளங்குகிறது. மொட்டு தோன்றியவுடன் நுனியைக் கிள்ளினால், விதைக்குப் போக வேண்டிய சத்து இலைக்குத் திரும்புவது ஒரு பாதி. மற்றொரு பாதி, நுனி போனதை உணர்ந்த செடி வேரில் நிக்கோட்டினை அதிகமாக உண்டாக்கி மேலே அனுப்புவதாகும். பூச்சி புழுக்கள் கடித்தாலும் செடி இவ்வாறே செய்கிறது. அது செடியின் தற்காப்பு. கிள்ளியபின் இலைக்கணுக்களில் எழும் பக்கச் சிம்புகளை ஒடிக்காமல் விட்டால், அவை புதிய நுனிகளாகி, கிள்ளியதன் பயனைத் தின்றுவிடும். தலையைச் சரியான நாளில் கிள்ளிவிட்டுச் சிம்பை மறந்துவிடுகிறவர்கள் அநேகர். அவர்கள் ஒருநாள் கூலியை மிச்சப்படுத்தி ஒரு மாதத்துக் காரத்தை இழக்கிறார்கள்.

இக்காரம் உபயோகிப்பவரின் மூளையில் என்ன செய்கிறது என்பதையும் பயிர் செய்வோர் அறிந்திருப்பது தகும். இது பெரும்பாலும் மிருகங்களை வைத்தே முதலில் அறியப்பட்டது. 1985-இல் எலியின் மூளையை மெல்லிய தகடுகளாக அரிந்து, கதிர்வீசும் நிக்கோட்டினை அதன்மேல் விட்டுப் படமெடுத்து, மூளையில் எந்தெந்த இடங்களில் அது போய்ப் பற்றுகிறது என்று கண்டனர். 1988-இல், நிக்கோட்டின் ஏற்றிய எலியின் மூளையில் எப்பாகங்கள் அதிகச் சர்க்கரையைச் செலவழிக்கின்றன என்பதை வேறொரு முறையால் படமாக்கினர். 1998-இல், பற்றும் வாயில்களில் பீட்டா-2 என்னும் ஓர் உறுப்பு மட்டும் இல்லாதபடி பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகள், நிக்கோட்டினைத் தாமே நாடிப் பெறும் பழக்கத்தை மேற்கொள்ளவில்லை என்று தெரிந்தது. பிறகு குரங்குகளில் சோதித்துப் பார்த்த ஒரு கதிர்வீசும் மருந்தை மனிதருக்கும் கொடுத்து, உயிருள்ள மூளையையே படம்பிடிக்க முடிந்தது. 2006-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் வெளியான முடிவு இது: ஒரு சிகரெட்டில் ஓரிரு முறை இழுத்தாலே மூளையிலுள்ள அவ்வாயில்களில் பாதி நிரம்பிவிடுகின்றன, மூன்று மணி நேரம் நிரம்பியே இருக்கின்றன. எலிக்குக் கண்டது மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. அளவும் உட்கொள்ளும் விதமும் வேறு. எனினும் எலியிலும் குரங்கிலும் கண்ட வழி மனிதனிலும் தொடர்ந்து காணப்பட்டதால், புகையிலையை விட முடியாமை வெறும் மனவலிமைக் குறைவன்று என்பது ஐயத்துக்கு இடமின்றிப் போயிற்று.

இதில் பாடம் செய்யும் முறைக்கும் ஒரு பங்கு உண்டு. சர்க்கரை மிகுந்த இலையின் புகை புளிப்புச் சார்ந்தது. அதை மார்புக்குள் இழுத்தால்தான் காரம் உடலில் ஏறும். சர்க்கரை அற்ற சுருட்டு இலையின் புகை காரச் சார்புடையது; வாயிலேயே உட்புகும். சுருட்டுக்காரர் புகையை உள்ளே இழுக்காமலே திருப்தியடைவதன் காரணம் இதுவே.

பாடம் செய்தல்

வயலிலிருந்து வரும் இலையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நீர். அதை உலர்த்துவது மட்டுமே பாடம் என்று எண்ணுவது பிழை. பறித்த இலை சில நாள் உயிரோடிருக்கிறது. தாயிடமிருந்து பிரிந்து உணவின்றித் தவிக்கும் அந்நாள்களில் அது தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. பச்சையம் அழிந்து மஞ்சள் தோன்றுகிறது. இவ்வேலை முடியுமுன் கடும் வெயிலில் காயப்போட்டால், இலை செத்துப் பச்சைக் கறையோடு நின்றுவிடும். எத்தனை மாதம் அம்பாரத்தில் வைத்தாலும் அக்கறை நீங்காது. மஞ்சளானவுடன் சூட்டால் விரைந்து உலர்த்தினால் சர்க்கரை இலையில் தங்கும். இதுவே சிகரெட் இலையின் முறை. நிழலிலும் காற்றிலும் மெள்ள உலரவிட்டால் இலை தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துப் பழுப்பாகும். சுருட்டு இலைக்கு இது உகந்தது.

சூட்டு முறை ஓர் தற்செயலால் கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொல்வர். அமெரிக்காவில் வட கரோலினாவின் காஸ்வெல் பகுதியில், 1839-இல், ஸ்லேட் என்பவரின் பண்ணையில் ஸ்டீபன் என்னும் அடிமை உலர்கொட்டகைத் தீயைக் காவல் காத்திருந்தான். இரவில் கண்ணயர்ந்துவிட்டான். விழித்துப் பார்க்கையில் தீ அணையுந் தறுவாயில் இருந்தது. ஈரவிறகு பயன்படாதென்று கொல்லுலையிலிருந்து அடுப்புக்கரியைக் கொண்டுவந்து கொட்டினான். திடீரென எழுந்த புகையற்ற உலர்சூட்டில் இலை இதுவரை யாரும் கண்டிராத பொன்மஞ்சளாக மாறியது. விலை எசமானனுக்குச் சென்றது. ஸ்டீபனுக்கு எஞ்சியது பெயர் மட்டும். இன்று கொட்டகையில் 35 முதல் 38 டிகிரி சென்டிகிரேடில் மஞ்சளாக்கி, படிப்படியாகச் சூட்டை ஏற்றி, 70 டிகிரி அளவில் நடுநரம்பை உலர்த்தி முடிப்பது அந்த இரவின் வழி வந்ததே.

சுருட்டு, வாய்ப்புகையிலை இரண்டுக்கும் உலர்ந்தபின் அம்பாரம் போடுதல் முக்கியம். குவியலின் நடுவே சூடு பிறக்கும். கையை உள்ளே நுழைத்துப் பார்த்து, பொறுக்க முடியாத அளவுக்கு ஏறியவுடன் குவியலைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளேயுமாக மாற்றி அடுக்க வேண்டும். இச்சூட்டினால் பச்சைமணம் போகும். நவச்சார வாடை கிளம்பும். காரத்திலும் ஒரு பங்கு குறையும். பிரித்துப் போடச் சோம்பியவருடைய குவியல் நடுவில் கருகிக் கரியாகும். ஈரத்தோடு போட்டவருடையது பூத்துப் போகும்.

ஈரத்தைப் பற்றி இன்னொரு காரணமும் இக்காலத்தில் தெரியவந்துள்ளது. இலையில், சிறப்பாக நடுநரம்பில், தங்கிய நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது நிக்கோட்டினோடும் அதன் இனத்தோடும் கூடி நைட்ரோசமீன் என்னும் பொருள்களை உண்டாக்குகிறது. இவற்றுள் இரண்டு மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவையென உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தால் உறுதி செய்யப்பட்டவை. தழைச்சத்தை அளவு மீறிப் போடுவதும், ஈரமும் வெப்பமும் கூடிய அறையில் இலையை நெடுநாள் வைப்பதும் இவற்றைப் பெருக்குகின்றன. சூட்டுக் கொட்டகையில் எரிவாயுவின் புகை நேராக இலைமேல் படுவதும் அவ்வாறே. அமெரிக்காவில் இதையறிந்த பிறகு, புகை இலையைத் தீண்டாதபடி கொட்டகைகளை மாற்றியமைத்தனர். இவ்வெச்சரிக்கைகளால் கெடுதி குறையும், புகையிலை கெடுதியற்றதாகிவிடாது. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

பனியிலோ மழையிலோ நனைந்த இலையைப் பறிக்கும் கூலியாட்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது உண்டு. இது கண்ணேறன்று, ஈரத்தில் கரைந்த நிக்கோட்டின் தோல் வழியே உட்செல்வதாகும். பனி உலர்ந்தபின் பறிக்கச் செய்வதும், முழுக்கைச் சட்டை அணியச் செய்வதும், பிள்ளைகளை இவ்வேலைக்கு விடாதிருப்பதும் நிலத்துக்காரரின் பொறுப்பு.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை

எரிதலை அறிய வியாபாரி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாடமான இலையில், ஒடியாமல் மடங்கும் பதத்தில், வயலின் பல பாகங்களிலிருந்து பத்து இலைகளை எடுத்து, நடுநரம்புக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் கனலும் ஊதுபத்தியின் முனையை வைக்க வேண்டும். சுடர் எழாமல் நெருப்புப் பற்றியதும் பத்தியை எடுத்துவிட்டு, கனல் தானே எத்தனை விநாடி நிற்கிறதென்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். காற்று வீசாத அறையில் செய்வது அவசியம். ஒவ்வொரு கிணற்றின் பாசனத்துக்கும் தனித்தனியே எழுதிவைத்தால், எக்கிணறு குற்றவாளி என்பது இரண்டு ஆண்டுகளில் விளங்கிவிடும்.

நீரைச் சோதிக்க, அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியின் ரசாயன அறையில் சில்வர் நைட்ரேட் கரைசல் இருக்கும். ஒரு கண்ணாடிக் குழாயில் நீரெடுத்து அதில் சில துளி விட்டால், குளோரின் மிகுந்த நீர் மோர்போல் வெளுக்கும். குறைந்த நீரில் மங்கல் மட்டும் தோன்றும். சரியான அளவு வேண்டுவோர் மண், நீர்ப் பரிசோதனை நிலையத்துக்கே அனுப்ப வேண்டும். கிராம அதிகாரிகள் தம் கிராமத்துக் கிணறுகளை இவ்வாறு சோதிப்பித்து, நன்னீர், நடுத்தரம், உவர்நீர் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்தால், புதிதாகப் புகையிலையில் இறங்குவோருக்கு அது பேருதவியாகும்.

நீர் எடுப்பதற்கு உரிய காலம் கோடை. கிணறு தாழ்ந்திருக்கும்போதே உப்பு மிகுதியாகத் தெரியும். மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான புட்டியை அதே நீரால் மூன்று முறை கழுவி, பின் நிரப்பி இறுக மூட வேண்டும். கிணறு உள்ள சர்வே எண், எடுத்த தேதி, எந்தப் பயிருக்கென்ற விவரம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். ஐப்பசியில் நடுவோர் ஆவணியில் நாற்றங்கால் போடுவராதலால், முடிவு ஆடி மாதத்துக்குள் கைக்கு வந்துசேரும்படி அனுப்புவது நலம்.